யோகா வகுப்பில் எங்கே பிசகுகிறது? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

சிறிய கூடம், எட்டுப் பத்துப் பேர், ஒரு மணி நேர வகுப்பு. அதில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் முதலில் தலைகளை எண்ணுங்கள். ஒருவருக்கு மட்டும் மணிக்கட்டு வலித்தால் அவர் கையையும் அவர் நிற்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் நான்கு பேர் கையை உதறினால் குற்றம் அவர்கள் கையில் இல்லை, நீங்கள் ஆசனங்களை அடுக்கிய வரிசையில் இருக்கிறது. வகுப்பே கொட்டாவி விட்டால் போய் ஜன்னலைத் திறங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தங்கள் பாடத்திட்டம் உண்டாக்கிய வலியை ஆள் ஆளாகப் போய்த் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

அந்த வரிசையிலேயே போவோம்: முதலில் தனி ஆளின் உடம்பு, பிறகு பாடமும் பேச்சும், கடைசியில் அறையும் பாயும்.

## திருத்தக் கூடாதவை

சில அறிகுறிகளுக்கு ஆசனத் திருத்தமே கிடையாது. நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், இடி விழுந்ததுபோல் திடீரென்று வரும் தலைவலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கையோ காலோ பலமிழப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் வகுப்பை நிறுத்தி அவசர உதவியை அழையுங்கள். கீழ்முதுகு வலியோடு இரு தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனாலும், சிறுநீர் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்றாலும் அதே அவசரம்தான். முதுகிலிருந்து கால் வரை மின்சாரம் பாய்வதுபோல் வலி இறங்கினால் அன்றைக்கு முன்வளைவு வேண்டாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும்.

மற்ற நேரங்களில் ஒரு கேள்வி போதும்: "தசையின் நடுவில் இழுக்கிறதா, மூட்டுக்குள் குத்துகிறதா?" தசை நடுவில் பரவலாக இழுப்பது சரி. மூட்டுக்குள் குத்தல், எரிச்சல், மரத்துப்போதல் வந்தால் ஆசனத்திலிருந்து வெளியே கொண்டுவந்த பிறகுதான் யோசிக்க வேண்டும்.

## கையூன்றும்போது மணிக்கட்டு வலிக்கிறது

மணிக்கட்டு தானாகப் பின்னால் மடங்குவது பலருக்கு ஏறக்குறைய 70 பாகைதான். பலகைபோல் நிற்கும் தண்டாசன நிலையில் அதை 90 வரை மடக்கச் சொல்கிறோம், அதோடு உடல் எடையையும் ஏற்றுகிறோம். வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பாருங்கள். சுட்டுவிரலின் அடிமுட்டு தரையை விட்டு எழும்பியிருந்தால் எடை முழுவதும் உள்ளங்கையின் அடிப்பகுதியில், அதுவும் சுண்டுவிரல் பக்கத்தில் விழுகிறது என்று அர்த்தம். விரல்களை அகல விரித்து, சுட்டுவிரல், கட்டைவிரல் இரண்டின் அடிமுட்டையும் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும். போதாதவர்களுக்கு உள்ளங்கையின் அடியில் மட்டும் பாயை இரண்டாக மடித்துக் கொடுங்கள். சற்று உயர்ந்தாலே மணிக்கட்டின் கோணம் குறைந்துவிடும்.

தண்டாசனத்தில் தோள் மணிக்கட்டைத் தாண்டி முன்னால் போயிருந்தால் கோணம் இன்னும் கூர்மையாகும்; உடலைப் பின்னுக்கு நகர்த்துங்கள். கையும் காலும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக ஸ்வானாசனத்தில் வலித்தால் கையை விட்டுவிட்டு முழங்காலைப் பாருங்கள். தொடையின் பின்தசை இறுகியவர் காலை நீட்டியே தீருவேன் என்று நின்றால் இடுப்பு மேலே ஏறாது, முதுகு வளையும், எடை கைக்குப் போகும். முழங்காலை நன்றாக மடக்கச் சொன்னால் எடை பாதத்துக்குத் திரும்பும். குதிகால் தரையைத் தொட வேண்டும் என்பது இந்த ஆசனத்தின் நோக்கம் அல்ல. அந்த எண்ணத்தை முதல் வாரத்திலேயே கலைத்துவிடுவது நல்லது.

எதற்கும் அடங்காத வலி என்றால் முன்கையை ஊன்றிச் செய்யட்டும், அல்லது சுவரில் கை வைத்துச் செய்யட்டும்.

## சம்மணமிட்டால் முழங்கால் வலிக்கிறது

வலி முழங்காலில் இருக்கும். காரணம் அநேகமாக இடுப்பு மூட்டில். முழங்கால் முக்கியமாகக் கதவுக் கீல்போல மடங்கி நீளும் மூட்டு. திரும்பும் வசதி அதற்கு மிகக் குறைவு. இடுப்பு மூட்டோ எல்லாப் பக்கமும் சுழலக்கூடியது. பத்மாசனத்தில் தொடை வெளிப்பக்கமாகச் சுழல வேண்டும். அது சுழலாத இடத்தில் பாதத்தைக் கையால் இழுத்து மேலே வைத்தால், விடுபட்ட சுழற்சியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்கும்போது முதலில் அடிபடுவது உள்ளே இருக்கும் குருத்தெலும்புத் தகடு.

சோதனை எளிது. மல்லாந்து படுத்து, வலது கணுக்காலை இடது தொடைமேல் வைத்து, கையால் தள்ளாமல் வலது முழங்கால் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். உடம்பை விட்டு விலகாமல் மேலே நிற்கிறதா? அவருக்கு இப்போதைக்குப் பத்மாசனம் வேண்டாம். சிலருக்கு எப்போதுமே வேண்டாம். தொடையெலும்புத் தலையும் அது பொருந்தும் கிண்ணமும் ஆளுக்கு ஆள் வேறு வடிவம். எலும்போடு எலும்பு முட்டும் இடத்தை எந்தப் பயிற்சியும் மாற்றாது. பயிற்சி போதவில்லை என்று அவரைச் சோர்வடையச் செய்யாதீர்கள்.

சுகாசனத்தில் முழங்கால்கள் இடுப்பைவிட உயரத்தில் தொங்கினால் ஆசனத்தை மாற்ற வேண்டாம், இருக்கையை உயர்த்துங்கள். மடித்த போர்வையோ திண்டோ, முழங்கால் இடுப்புக்குக் கீழே இறங்கும் வரை. முன் காலை மடக்கிப் பின் காலை நீட்டும் புறா நிலையில் முழங்கால் உறுத்தினால் முன் குதிகாலை இடுப்புப் பக்கம் இழுத்து, பாதத்தை விறைப்பாக வைத்து, அந்தப் பக்கப் பிட்டத்தின் அடியில் ஒரு பிளாக் (செங்கல் வடிவக் கட்டை) வைக்கச் சொல்லுங்கள். உறுத்தல் தொடர்ந்தால் மேலே சொன்ன படுத்த நிலைச் சோதனையையே ஆசனமாகச் செய்யட்டும். இடுப்புக்கு அதே வேலை, முழங்காலுக்குப் பாரமில்லை.

## முன்வளைவில் கீழ்முதுகு பிடிக்கிறது

காலை நீட்டி உட்கார்ந்து குனியும் பஸ்சிமோத்தானாசனத்தில் ஒருவர் உட்கார்ந்ததுமே, இன்னும் குனிவதற்கு முன், கீழ்முதுகு கூனியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. தொடைப் பின்தசை இடுப்பெலும்பைப் பின்னால் இழுத்து வைத்திருக்கிறது. இனி அவர் குனியும் ஒவ்வொரு செ.மீ.யும் முதுகெலும்பிலிருந்துதான் வரும். 5 முதல் 10 செ.மீ. உயரத்துக்கு மடித்த போர்வையின் விளிம்பில் உட்கார வையுங்கள், முழங்காலை மடக்கி அடியில் ஒரு சுருணை கொடுங்கள், பாதத்தைச் சுற்றிப் பெல்ட் போட்டுப் பிடிக்கட்டும். தலை முழங்காலைத் தொடுகிறதா என்பதை விடுங்கள். தொப்புள் தொடையை நோக்கி நகர்கிறதா என்று பாருங்கள்.

எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) கண்டறியப்பட்டவர்களுக்கும் முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) விலகல் உள்ளவர்களுக்கும் முதுகைக் கூனிக் குனியும் எதுவும் வேண்டாம். முதுகு நேராக, இடுப்பில் மட்டும் மடங்கி, பாதி தூரம் போனால் போதும்.

## பிட்டத்துக்கு அடியில் ஒரே புள்ளியில் வலி

இது ஏமாற்றும் வலி. உட்காரும் எலும்பின்மேல் விரல் வைத்து "இங்கேதான்" என்று காட்டுவார்கள். இறுக்கம் என்று நினைத்து இன்னும் இழுப்பார்கள். இழுத்த நேரம் இதமாக இருக்கும், மறுநாள் நாற்காலியில் உட்கார முடியாது. தொடைப் பின்தசையின் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடம் அது. குனியும்போது அந்த நாண் எலும்போடு அழுந்துகிறது. வளைந்து கொடுக்கும் உடம்புக்காரர்களுக்கும், தினமும் செய்து காட்டும் ஆசிரியர்களுக்கும்தான் இது அதிகம் வருகிறது.

இழுப்பதை நிறுத்துவதுதான் மருந்து. முன்வளைவில் எல்லாம் முழங்காலை மடக்கி, பாதிக்கு மேல் குனியாமல் இருக்கட்டும். அதோடு நாணுக்குப் பலம் கொடுக்க வேண்டும்: சேதுபந்தாசனத்தில் இடுப்பைத் தூக்கி 30 முதல் 45 விநாடி அசையாமல் நிற்பது, நாலைந்து முறை. வலி கூடாத வரை இது சரியான பாதை. ஆற மாதக்கணக்கில் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே பழையபடி இழுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

## தோளின் முன்பக்கம் வலிக்கிறது

பலகை நிலையிலிருந்து முழங்கையை மடக்கி இறங்கும் சதுரங்க தண்டாசனத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தோள் முழங்கையைவிடக் கீழே இறங்கியிருக்கும். அங்கே எடையைத் தசை பிடிப்பதில்லை, தோள் மூட்டின் முன்பக்கம் பிடிக்கிறது. முழங்காலைத் தரையில் வைத்து, பாதி மட்டும் இறங்கச் சொல்லுங்கள். தோளுக்கு நேர் கீழே ஒரு பிளாக்கை நிறுத்திவைத்து, தோள் அதைத் தொட்டதும் நிற்கச் சொல்வது வாயால் சொல்வதைவிட வேகமாகப் புரியும். முழங்காலை வைத்துச் செய்தும் நிலைக்கவில்லை என்றால் அந்த இறக்கமே வேண்டாம். நேராகக் குப்புறப் படுத்துப் புஜங்காசனத்துக்குப் போகலாம்.

## சர்வாங்காசனத்தில் கழுத்து

தோளில் நின்று கால்களை மேலே தூக்கும் ஆசனம் இது. தரையிலேயே செய்தால் கழுத்து ஏறக்குறைய செங்கோணத்துக்கு மடங்கி, அதன்மேல் உடல் எடை நிற்கும். மூன்று நான்கு போர்வைகளைக் கெட்டியாக மடித்து அடுக்கி, தோள் போர்வையின் மேலும் தலை தரையிலும் இருக்கும்படி படுக்கச் சொல்லுங்கள். தோளின் உச்சி போர்வை விளிம்பிலிருந்து சுமார் 5 செ.மீ. உள்ளே இருக்கட்டும், ஏறும்போது கொஞ்சம் வழுக்கும். மேலே இருக்கும்போது தலையைத் திருப்பவே கூடாது. ஆகையால் அந்த நேரத்தில் யாரையும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள்.

கட்டுப்படாத இரத்த அழுத்தம், கழுத்து வட்டுப் பிரச்சினை, விழித்திரைக் கோளாறு, கண் அழுத்த நோய் ஆகியவை இருந்தால் இந்த ஆசனம் கிடையாது. கண் அழுத்த நோயில் தலை தாழும் எல்லா ஆசனங்களும் கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றும், அதோமுக ஸ்வானாசனமும்தான். சேர்க்கைப் படிவத்தில் இதைத் தனியாகக் கேளுங்கள். யோகாவுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

சின்னக் கூடத்துக் கலவையான வகுப்பில் இதைச் சேர்க்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சுவரில் கால் தூக்கிப் படுத்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

## தலைசுற்றல்

இரண்டு வகை உண்டு. எப்போது வருகிறது என்று கேட்டால் பிரிந்துவிடும்.

குனிந்து நிமிரும்போது வந்தால் இரத்த அழுத்தம் ஒரு கணம் இறங்குகிறது. நின்று குனியும் உத்தானாசனத்திலிருந்து நேராக எழவைக்காமல், கையைத் தொடையில் ஊன்றிப் பாதி நிமிர்ந்து இரண்டு மூச்சு நின்று, பிறகு முழுதாக எழட்டும், தலை கடைசியில். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும், நீர் குடிக்காமல் வந்தவர்களுக்கும் இது சீக்கிரம் வரும். தலை சுற்றுகிறது என்றவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். உடனே உட்காரவோ படுக்கவோ வையுங்கள்.

உட்கார்ந்து கபாலபாதி (வயிற்றை உந்தி மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) செய்யும்போது வந்தால், அதோடு உதடும் விரல் நுனியும் ஊசி குத்துவதுபோல் இருந்தால், மூச்சு அளவுக்கு மிஞ்சிப் போகிறது. இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கபாலபாதியை நிறுத்தி, வழக்கமான மூச்சுக்குத் திரும்பி, வெளிமூச்சை மெதுவாக்கினால் சில நிமிடங்களில் சரியாகும். அடுத்த முறை 20 உந்தலோடு நிறுத்தி, நடுவில் அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள். பலர் வெளிமூச்சோடு உள்மூச்சையும் உந்தி இழுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கர்ப்பிணிகள், வலிப்பு, குடலிறக்கம், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்று அறுவை செய்துகொண்டவர்கள் கபாலபாதி செய்யக் கூடாது.

தசைப்பிடிப்பு இதைவிடச் சின்ன விஷயம். சேதுபந்தாசனத்தில் தொடைப் பின்புறம் பிடித்துக்கொண்டால் இறக்கி, காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மடக்கச் சொல்லுங்கள். மறுபடி ஏறும்போது குதிகாலை முழங்காலுக்கு நேர் கீழே கொண்டுவரட்டும். குதிகால் தள்ளிப் போயிருந்தால் பின்தசைதான் பாரத்தை வாங்கும்.

## நான்கு பேர் ஒரே இடத்தைத் தடவுகிறார்கள்

இனி பாடத்திட்டத்தைக் கையில் எடுங்கள். ஒரு வின்யாசத்தில் (மூச்சோடு இணைந்த தொடர் அசைவில்) தண்டாசனம், சதுரங்கம், ஊர்த்துவமுக ஸ்வானாசனம், அதோமுக ஸ்வானாசனம் என நான்கு முறை கையில் எடை விழுகிறது. ஒரு மணி நேரத்தில் 10 வின்யாசம் என்றால் 40 முறை. புதியவர் மணிக்கட்டு அதற்குத் தயாராக இல்லை. 4 அல்லது 5 வின்யாசத்தோடு நிறுத்தி, மீதியை நின்ற நிலையிலிருந்து நின்ற நிலைக்கே மாற்றுங்கள். இதே கணக்கை முன்வளைவுக்கும் போடுங்கள். குனிதல் 15, பின்வளைதல் 2 என்று எழுதியிருந்தால் வகுப்பு முடிவில் யார் யார் முதுகைப் பிடிப்பார்கள் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

## எல்லோரும் பக்கத்துப் பாயைப் பார்க்கிறார்கள்

வார்த்தை வேலை செய்யவில்லை. "இப்போது நாம் மெதுவாக, மூச்சை உணர்ந்தபடி, நம்முடைய வலது காலை…" என்று போனால் எந்த உறுப்பு, எந்தத் திசை என்பது கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பாதிப் பேர் எதையோ தூக்கிவிட்டார்கள். மூச்சு, உறுப்பு, திசை என்ற வரிசையில் சொல்லுங்கள்: "மூச்சை இழுத்து, வலது கால், பின்னால்." நுட்பம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒன்றே ஒன்று. ஒரு ஆசனத்துக்கு மூன்று குறிப்புக்கு மேல் யாருக்கும் காதில் ஏறாது.

எதிரே நின்று செய்து காட்டினால் கண்ணாடிபோல் செய்யுங்கள்: "வலது கை" என்று சொல்லி உங்கள் இடது கையைத் தூக்குங்கள். முதலில் நாக்கும் கையும் சண்டை போடும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மூச்சு வாங்குகிறது என்றால் நீங்கள் எண்ணும் வேகத்தைச் சரிபாருங்கள். நீங்கள் பேசும் வேகத்துக்கு அவர்கள் மூச்சு விட முடியாது. உள்ளே 4 விநாடி, வெளியே 4 விநாடி என்று கடிகாரத்தோடு ஒரு முறை சொல்லிப் பார்த்தால், வழக்கமாக நீங்கள் அதில் பாதி நேரமே கொடுத்துவந்தது தெரியும்.

## மெதுவான அசைவு வகுப்பில் நெளிகிறார்கள்

கவனத்தோடு அசையும் பயிற்சியில் பெரிய சிக்கல் சலிப்பு. இடுப்பை முன்னும் பின்னும் சாய்ப்பதை 20 முறை செய்யச் சொன்னால் பத்தாவதில் மனம் வெளியே போய்விடும். 6 முறை போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் கேள்வி மாற வேண்டும். முதல் இரண்டில் "எந்தப் பக்கம் முதலில் தரையைத் தொடுகிறது?", அடுத்த இரண்டில் "தாடை இறுகுகிறதா?", பிறகு "இதையே பாதி அளவில் செய்தால் என்ன மாறுகிறது?" பதில் வாயால் வேண்டாம். கேட்டுவிட்டு மூன்று மூச்சு நேரம் சும்மா இருங்கள். ஆசிரியருக்குத்தான் அந்த மௌனம் கஷ்டம்.

உடம்பைக் கவனிக்கச் சொன்னதும் படபடப்பு ஏறுகிறவர்கள் உண்டு. சிலர் அழவும் செய்வார்கள். அருகே போய்த் தொட்டு ஆறுதல் சொல்லாதீர்கள். கண்ணைத் திறந்துகொள்ளலாம், அறையில் ஏதாவது ஒரு பொருளைப் பார்க்கலாம், பாதம் தரையில் படுவதை உணரலாம் என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லுங்கள். தொட்டுத் திருத்தும் வழக்கம் இருந்தால், சம்மதமா என்று முன்பே கேட்பது கட்டாயம். பாயின் ஓரத்தில் வைக்க ஒரு சிறு அட்டை கொடுத்தால் வாய்விட்டு மறுக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கும் வசதி.

## சவாசனத்தில் புரள்கிறார்கள்

ஒருவர் புரண்டால் அவர் கீழ்முதுகைப் பாருங்கள்: முழங்காலுக்கு அடியில் திண்டு வைத்தால் அடங்கும். முகவாய் மேலே தூக்கியிருந்தால் தலைக்கு அடியில் மெல்லிய போர்வை. கர்ப்பத்தின் இரண்டாம் பாதியில் இருப்பவர் மல்லாந்து படுக்காமல் இடது பக்கம் சாய்ந்து, கால்களுக்கு நடுவே திண்டு வைத்துக்கொள்ளட்டும். குறட்டை விடுபவரின் பாயை மெல்ல அசைத்தால் போதும்.

பலரும் புரண்டால் குளிர்தான். வியர்த்த உடம்பு அசையாமல் கிடந்தால் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். போர்வையைப் படுப்பதற்கு முன்பே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மின்விசிறியைக் குறையுங்கள். இன்னொரு காரணம், அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். 60 நிமிட வகுப்பில் 48-ஆவது நிமிடத்தில் எல்லோரும் தரையில் இருக்க வேண்டும். தாமதமானால் ஆசனத்தைக் குறையுங்கள், சவாசனத்தை வெட்டாதீர்கள்.

## அறையும் பாயும்

கொட்டாவி, லேசான தலைவலி, மந்தம் எல்லாம் சேர்ந்து வந்தால் காற்றோட்டம் போதவில்லை. வெளிக்காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும், அறைக்குள் 1,000-ஐத் தாண்டினால் காற்று மாறவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அளக்கும் கருவி சிறியது, வாங்கி வைக்கலாம். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் 15 நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

கை முட்டிக்கொள்கிறது என்றால் கணக்கு பிசகிவிட்டது. பாய் சுமார் 61 செ.மீ. அகலம், 173 செ.மீ. நீளம். சுற்றிலும் இடைவெளி சேர்த்து ஆளுக்கு 2.2 சதுர மீட்டராவது வேண்டும். 30 சதுர மீட்டர் அறையில், ஆசிரியருக்கும் அலமாரிக்கும் வாசலுக்கும் போக, 10 பேர் சரி, 12 நெருக்கடி. வரிசைகளை நேருக்கு நேர் போடாமல் அரைப் பாய் அளவு விலக்கிப் போட்டால் வீரபத்ராசனத்தில் விரல் பக்கத்து ஆளின் கண்ணுக்குப் போகாது.

பாய் வழுக்கினால், புதிதா பழையதா என்று பாருங்கள். புதுப் பாயின் மேல் தொழிற்சாலைப் படலம் இருக்கும். இளஞ்சூட்டு நீரில் சில துளி மென்மையான சோப்பு விட்டுத் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போகும். பழைய பாய் என்றால் கைக்குப் பூசிய கிரீமும் எண்ணெயும், வைத்தியம் அதுவேதான். சோப்பைக் கூட்டினால் சோப்பே வழுக்கும். இயற்கை ரப்பர் பாயை வெயிலில் போட்டால் வெடித்து உதிரும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தப் பாயைக் கொடுக்கவும் கூடாது. பாய் சுத்தமாக இருந்தும் ஒருவருக்கு மட்டும் கை முன்னால் நழுவினால், அவர் தரையைத் தள்ளாமல் தொங்குகிறார்.

ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் வகுப்பே ஆடினால் பாய் தடிமன் அதிகம். 4 முதல் 6 மி.மீ. போதும், 10 மி.மீ. பாயில் பாதம் மணலில் நிற்பதுபோல் அமிழும். நின்று செய்யும் பகுதிக்கு மட்டும் பாயை விட்டு இறங்கித் தரையில் நிற்கச் சொல்லலாம்.

## ஆசிரியரின் தொண்டையும் இடது இடுப்பும்

மாலைக்குள் குரல் கம்மினால், குனிந்த நிலையில் பேசுகிறீர்கள். அதோமுக ஸ்வானாசனத்தில் பேசும்போது குரல் தரைக்குப் போகிறது. கேட்கவில்லை என்று நீங்கள் கத்துகிறீர்கள். எழுந்து நடந்து பேசுங்கள். கூடம் எதிரொலித்தால் ஒரு பக்கச் சுவருக்குத் தடித்த திரை போட்டு, போர்வைகளைத் திறந்த அலமாரியில் அடுக்குங்கள், எதிரொலி குறையும்.

ஒரு பக்க இடுப்பு மட்டும் வலிக்கத் தொடங்கினால் செய்து காட்டும் பழக்கத்தைப் பாருங்கள். முதல் பக்கத்தை முழுதாகக் காட்டிவிட்டு, இரண்டாம் பக்கத்தின்போது எழுந்து போய் மற்றவர்களைத் திருத்துகிறோம். வாரத்துக்கு 10 வகுப்பு என்றால் ஒரு பக்கம் பத்து முறை வேலை செய்கிறது, மறுபக்கம் சும்மா இருக்கிறது. ஒற்றைப்படைத் தேதிகளில் வலது பக்கம், இரட்டைப்படைத் தேதிகளில் இடது பக்கம் என்று மாற்றிக் காட்டுங்கள்.